பூனைக்கு மீன் மட்டும் போதுமா?

கொல்கத்தாப் பூனைகள் கொடுத்து வைத்தவை என்று நம்மவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லேக் மார்க்கெட்டிலோ கரியாஹாட்டிலோ மீன் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். காலால் அழுத்திப் பிடித்த பெரிய அரிவாள்மனையில் கடைக்காரர் ரூயி மீனைத் துண்டு போடுவார். கீழே நாலைந்து பூனைகள் ரேஷன் கடை வரிசை போலப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். வங்காளிகளுக்குப் பூனை சஷ்டி தேவியின் வாகனம். குழந்தைகளைக் காக்கும் தெய்வத்தின் வாகனத்தின் மேல் கை ஓங்க யாருக்கும் மனம் வராது. மருமகள் ஒருத்தி வீட்டில் இருந்ததைத் தானே திருடித் தின்றுவிட்டுப் பழியைப் பூனை மேல் போட்டு, சஷ்டியின் கோபத்துக்கு ஆளான கதையை ஜாமாய் சஷ்டியன்று இன்றும் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் குடியிருக்கும் தமிழர் வீடுகளிலும் பூனை வந்து ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை. வேப்பேரிக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நகரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம், பொங்கல் விழாவானாலும் பாரதி விழாவானாலும் அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பூனைக்கு என்ன சார் போடலாம்?" கேட்பவர்களில் மூன்று கட்சி உண்டு. தயிர்சாதக் கட்சி, மீன் கட்சி, எலும்பில்லாத கோழிக்கறிக் கட்சி. மூன்று கட்சிக்காரர்களும் பூனையை உயிராக நேசிப்பவர்கள். மூன்று கட்சிப் பூனைகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

தயிர்சாதக் கட்சியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருக்கும் மாமி ஒருவர், "டாக்டர், எங்காத்துப் பூனை சுத்த சைவம். தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடாது" என்று பெருமையாகச் சொன்னார். "அது மத்தியானம் மாடிக்குப் போய் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறது என்று பார்த்தீர்களா மாமி?" என்று கேட்டேன். மாடியில் வங்காளிக் குடும்பம். மாமி சிரித்துவிட்டார். அந்தப் பூனையின் கண்ணையும் இதயத்தையும் காப்பாற்றி வந்தது மாடி வீட்டுச் சமையலறைதான்.

பூனை என்றால் பால் என்று நமக்கு ஊறிப்போய்விட்டது. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் தம் அவையடக்கத்தில் உவமையாக்கினார். தெனாலிராமன் கதையில் சூடான பாலில் வாய் வைத்த பூனையை அறியாத குழந்தை கிடையாது. ஆனால் குட்டிப் பருவம் கழிந்த பிறகு, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளின் குடலில் குறைந்துவிடுகிறது. ஆசையாகக் குடிக்கும், அப்புறம் வயிறு கழியும். தயிரில் அந்தச் சர்க்கரை சற்றுக் குறைவு என்பதால் சில பூனைகள் தாங்கிக்கொள்கின்றன, அவ்வளவே.

இனி மாமிசத்துக்கு வருவோம். பூனை மாமிசம் தின்றே தீரவேண்டிய பிராணி. நாய் அப்படியில்லை, சோற்றையும் ரொட்டியையும் வைத்து ஓரளவு சமாளித்துவிடும். கேரட்டிலும் கீரையிலும் உள்ள மஞ்சள் சத்திலிருந்து நம் உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. பூனையால் முடியாது. வெயிலில் நின்றால் நம் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. பூனை மொட்டை மாடியில் நாள் முழுவதும் வெயில் காய்ந்தாலும் தேவைக்கு உண்டாவதில்லை. இவற்றையெல்லாம் இன்னொரு பிராணியின் உடலிலிருந்து ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும்படி அதன் உடல் அமைந்திருக்கிறது.

அந்த "இன்னொரு பிராணி" என்பதுதான் பலர் கவனிக்காத இடம். பூனை தானாக வேட்டையாடித் தின்பது எலி, அணில், குருவி. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுச் சுண்டெலி வேண்டும். சுண்டெலியைத் தின்னும்போது தசையோடு எலும்பு, ஈரல், இதயம், இரத்தம், மூளை எல்லாம் உள்ளே போகின்றன. நாம் கடையில் "போன்லெஸ்" என்று கேட்டு வாங்கும் வெள்ளைக் கறி அந்த எலியில் ஒரு பாகம்தான்.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரும் அவர் மனைவியும் நாலு மாதப் பூனைக்குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். தம்பதியர் சைவம். ஆனாலும் அந்தக் குட்டிக்காகப் பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் வைத்து, தினமும் எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கி, உப்புக்கூடப் போடாமல் வேகவைத்துக் கொடுத்து வந்தார்கள். வேறெதுவும் கொடுப்பதில்லை. பத்து நாளாகக் குட்டி தாவுவதில்லை, தூக்கினால் அழுகிறது, பின்னங்கால் இரண்டும் வில் போல வளைகின்றன. மாடியிலிருந்து விழுந்துவிட்டதோ என்று அவர்களுக்குச் சந்தேகம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்புக்கும் தசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு வெளிறிப் போயிருந்தன எலும்புகள். தொடையெலும்பில் ஒரு முறிவு, அதுவும் விழாமலே வந்த முறிவு.

காரணம் எளிய கணக்கு. நூறு கிராம் கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கிறது, கால்சியமோ பத்து மில்லிகிராம் அளவுதான். ஒன்றுக்கு இருபது. பூனைக்கு இவை இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாக வேண்டும். எலும்போடு தின்னும் எலியில் இந்தக் கணக்கு சரியாக இருக்கும். வெறும் தசையில் இரத்தத்தின் கால்சிய அளவு குறைய ஆரம்பித்ததும், கழுத்தில் தைராய்டை ஒட்டியுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. இதயம் துடிக்கவும் தசை அசையவும் கால்சியம் வேண்டுமே! வீட்டில் பணமுடை வந்தால் நகையை விற்பது போல, அவை எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கின்றன. வளரும் குட்டிக்குச் சேமிப்பு ஏது? சில வாரங்களிலேயே எலும்பு காகிதமாகிவிடுகிறது. பெரிய பூனையில் இதே சேதம் மெல்ல நடப்பதால் வெளியே தெரிய நாளாகும்.

அந்தக் குட்டியைச் சில வாரம் கூண்டில் ஓய்வாக வைத்து, உணவை மாற்றிப் பிழைக்க வைத்தோம். கால் நேராகிவிட்டது. இடுப்பெலும்பு மட்டும் நசுங்கிய நிலையிலேயே கூடிவிட்டதால் மலம் கழிப்பதில் சிரமம் நின்றுவிட்டது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அதே கூடையில் வருகிறது. சொந்த மதத்தையும் மனத்தயக்கத்தையும் ஒதுக்கிவைத்து ஒரு உயிருக்காகக் கறி சமைத்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. முட்டை ஓடு கொஞ்சம் சேர்த்திருந்தால் போதும். இதை யாராவது அவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது விஷயம் டாரின். 1827இல் டீடமன், மெலின் என்ற இரண்டு ஜெர்மானிய அறிஞர்கள் காளையின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. லத்தீனில் காளைக்கு டாரஸ் என்று பெயர், அதனால் டாரின். நம் உடல் இதைத் தானே செய்துகொள்ளும், நாயின் உடலும் பெரும்பாலும் செய்துகொள்ளும். பூனையின் உடல் செய்வது தேவைக்குப் பற்றாது. தாவரங்களில் ஏறக்குறைய இல்லவே இல்லை. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாலிலிருந்து எடுத்த கேசின் புரதத்தை மட்டுமே புரதமாகக் கொடுத்து வளர்த்த பூனைகளின் விழித்திரை சிதைந்துபோனதைக் கண்டு, அதற்கு டாரின் குறைவே காரணம் என்று வெளியிட்டார்கள். பாலை நம்பிய பூனைக்குக் கண் போகும் என்று இதை நம் பாஷையில் சொல்லலாம்.

இதைவிடப் பெரிய செய்தி 1987இல் வந்தது. பூனைகளின் இதயத் தசை தளர்ந்து, இதயம் பலூன் போல வீங்கி, மூச்சுத் திணறி இறப்பது அப்போது சர்வசாதாரணமாக இருந்தது. மருந்து கிடையாது என்றே எங்களுக்குக் கற்பித்தார்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயான் என்ற கால்நடை மருத்துவரும் அவரது குழுவினரும் அந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் வீங்கிய இதயங்கள் பழைய நிலைக்குத் திரும்பின. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தப் பூனைகள் தயிர்சாதம் தின்றவை அல்ல. பேர்போன கம்பெனிகளின் தீனியைத் தின்றவை. மாமிசம் இருந்தும் டாரின் போதவில்லை. அதன் பிறகு கம்பெனிகள் டாரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கின, அந்த நோயும் அரிதாகிவிட்டது.

டாரின் தண்ணீரில் கரையும். கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். கோழியின் வெள்ளை நெஞ்சுக்கறியில் குறைவு, சிவந்த தொடைக்கறியில் அதிகம், இதயத்தில் அதிகம். நாம் பூனைக்கென்று தேடி வாங்குவது வெள்ளைக்கறி, சாதாரணமாக வீசி எறிவது இதயம்!

"அப்படியானால் பச்சையாகவே போட்டுவிடலாமே, காட்டில் யார் சமைக்கிறார்கள்?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1932 முதல் பத்தாண்டுகள் கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் ஏறத்தாழ 900 பூனைகளை வைத்துப் பார்த்தார். சமைத்த கறி தின்ற பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன, பச்சைக் கறி தின்றவை நன்றாக இருந்தன. பச்சைக் கறிக் கட்சிக்கு இது வேதவாக்கு. ஆனால் பூனைக்கு டாரின் அவசியம் என்று அன்று யாருக்கும் தெரியாது. சமைத்ததில் குறைந்துபோன சத்தைத் திருப்பிச் சேர்த்தால் என்ன ஆகும் என்று அவர் பார்த்திருக்க வழியில்லை. இன்று நமக்குத் தெரியும், சேர்க்கவும் முடியும்.

மேலும் காட்டுப் பூனை தின்பது அந்த நிமிடம் கொன்ற இரையை. நம் சந்தையில் காலையில் வெட்டிய கறி ஈ மொய்க்க மதியம் வரை தொங்குகிறது. அதில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பச்சைக் கறி வழியாகப் பூனைக்குள் போய், பூனையின் மலம் வழியாக வெளிவந்து, வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் கருவையே பாதிக்கக்கூடும். போதாக்குறைக்குப் பறவைக் காய்ச்சல். 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிக் காட்சிசாலையில் பச்சைக் கோழி போட்டதால் நோய் பரவி, இறந்தவையும் கொல்லப்பட்டவையுமாக 147 புலிகள் போயின. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிடமும் அந்த வைரஸ் கண்டறியப்பட்டது. ஆகவே என் கட்சி சமைத்த கறிக் கட்சி. புலிக்கே தாங்காதது புஸ்ஸிக்குத் தாங்குமா?

மீன் கட்சிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், மீனுக்கும் வந்துவிட்டேன். கெண்டை இனத்து மீன்கள் சிலவற்றிலும் நெத்திலி போன்ற சிறு மீன்களிலும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. வைட்டமின் பி1ஐ அழிப்பதே இதன் வேலை. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சாஸ்டெக் என்பவரின் நரிப் பண்ணையில் பச்சை மீன் தின்ற நரிகளுக்கு வாதம் வந்து இறந்தபோதுதான் இந்த வழக்கின் நூல் பிடிபட்டது. அந்த நோய்க்குச் சாஸ்டெக் வாதம் என்றே பெயர் நின்றுவிட்டது. பூனைக்கு வந்தால் முதலில் பசி போகும், பிறகு நடை தள்ளாடும், தலை மார்போடு கவிழ்ந்து நிமிராது, கடைசியில் வலிப்பு. மழைக்காலத்தில் சிறு மீன் மலிவாகக் கிடைக்கும்போது இப்படித் தலை கவிழ்ந்த பூனைகளைப் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் கொண்டுவந்தால் பி1 ஊசி போட்டு ஓரிரு நாளில் நிமிர்த்திவிடலாம். மருத்துவனுக்கு இதைவிட நல்ல பெயர் வாங்கித் தரும் நோய் கிடையாது! தாமதித்தால் மூளை பாதிக்கப்படும். மீனை நன்றாக வேகவைத்தால் தயமினேஸ் செத்துவிடும்.

எண்ணெய்ப் பசையுள்ள மீனையே நாள்தோறும் போட்டால் வைட்டமின் ஈ தீர்ந்து, தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகிக் கட்டிபோல் வலிக்கும். தடவினால் சீறும் பூனையை முன்கோபி என்று நினைத்துவிடாதீர்கள். ஹில்சா நமக்கே எட்டாத விலையில் விற்பதால் இந்த ஆபத்து இங்கே குறைவு என்று நினைத்தேன். டின் மீன் வந்து அந்த நிம்மதியையும் கெடுத்துவிட்டது.

மீன் குழம்பு மிச்சத்தைப் போடுவது வேறு கதை. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகை உண்டாக்கும். நம் சின்ன வெங்காய சாம்பாருக்கும் இது பொருந்தும். வறுத்த எலும்பும் பெரிய மீனின் முள்ளும் தொண்டையில் குத்தும்.

சரி, எதைத்தான் போடுவது? அரைக் கிலோ தொடைக்கறியை எலும்பு நீக்கி வாங்குங்கள். கூடவே கடைக்காரரிடம் "கிலே-மேட்டே" என்று கேட்டால் இரைப்பையும் ஈரலும் கொடுப்பார், இதயத்தையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இதயம் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது. ஈரல் மட்டும் இந்த அளவுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். தினமும் ஈரலையே தின்ற பூனைக்கு வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போய்க் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யக்கூடத் திரும்ப முடியாது. குறைந்த தண்ணீரில் உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் இல்லாமல் வேகவைத்து, அந்த நீரையும் கறியோடு சேர்த்தே கொடுங்கள். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியில் கோலமாவு போலப் பொடித்து வைத்துக்கொண்டால் அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி போதும். நாலு கிலோப் பூனைக்கு இது மூன்று நாள் சாப்பாடு, பிரிட்ஜில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கலாம். மீன் வாரத்தில் ஓரிரு நாள் போதும். சிறு மீனைக் குக்கரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, முள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும் பதம் வந்த பிறகு முள்ளோடு கொடுக்கலாம்.

இத்தனை செய்தும் வைட்டமின் டி, ஈ, அயோடின், துத்தநாகம் ஆகியவற்றில் பற்றாக்குறை வரும். அதனால் தினம் ஒரு வேளை வீட்டுக் கறி, ஒரு வேளை கடைத் தீனி என்று பாதிக்குப் பாதி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உறையில் "கம்ப்ளீட் அண்ட் பாலன்ஸ்டு" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் பூனையின் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். முழுக்க உலர் தீனியே போதும் என்று சொல்பவர்களோடும் நான் உடன்படுவதில்லை. உலர் தீனியில் ஈரம் நூற்றுக்குப் பத்து, கறியில் எழுபதுக்கு மேல். பூனை தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பதில் சோம்பேறி. குறிப்பாக ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு வந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வீட்டுச் சாப்பாட்டின் ஈரம் அந்த வகையில் பெரிய உதவி.

குட்டி, சினைப்பூனை, பால் கொடுக்கும் பூனை, சிறுநீரக நோயுள்ள பூனை இவற்றுக்கு மேலே சொன்ன கணக்கு ஆகாது. மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வீட்டுக்குள் மாமிசமே வரக்கூடாது என்பவர்கள் தயங்காமல் கடைத் தீனியை வாங்குங்கள். உறையைப் பிரித்துப் போடுவதோடு வேலை முடிந்தது. அதுவும் மனம் ஒப்பவில்லையென்றால் மாடி வீட்டு வங்காளிக் குடும்பத்துக்குப் பூனையைத் தத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் போய்க் கொஞ்சிவிட்டு வாருங்கள். பூனையைச் சைவமாக்கும் முயற்சி மட்டும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே மீனை நிறுத்திவிட வேண்டாம். மீன் ருசி கண்ட பூனை வேறெதையும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். "பசித்தால் தானே தின்னும்" என்று நாய்க்குச் சொல்வதைப் பூனைக்குச் சொல்லக்கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து படிந்து மஞ்சள் காமாலை ஆகிவிடும். முதல் வாரம் மூன்று பங்கு மீனோடு ஒரு பங்கு கறி பிசைந்து கொடுங்கள், அடுத்த வாரம் சரிபாதி, பிறகு மெல்ல மெல்லக் கறியைக் கூட்டலாம். இடையில் ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் மறுநாள் காலை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.